சர்க்கரையை மணலாக்கும் சிறுகுறிஞ்சான்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டினால், சேர்வராயன் மலையின் அடிவாரக் காடு தொடங்கிவிடும். இப்படிப்பட்ட வறண்ட காடுகளில் பக்கத்து மரத்தைப் பற்றி ஏறும் கொடிதான் சிறுகுறிஞ்சான். எதிரெதிரே அமைந்த, மெல்லிய மயிர் படர்ந்த இலைகள். சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள். எருக்கும் இதுவும் ஒரே குடும்பம் என்பதால் இதன் விதையும் பஞ்சோடு பறக்கும்.

பச்சை இலையை நன்றாக மென்றபின் ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டால் மணலைப் போல நெறுநெறுக்கும், இனிப்பே தெரியாது. உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். ஏறக்குறைய அரை மணி நேரம் இந்த மரப்பு நீடிக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொடி நல்ல பொடிதானா என்று பார்க்கவும் இதைவிட எளிய வழி இல்லை.

இதற்குக் காரணமான ஜிம்னிமிக் அமிலத்தை 1887-இல் விவரித்தவர் டேவிட் ஹூப்பர். சென்னை மாகாண அரசின் சிங்கோனா வேதியியலராக ஊட்டியில் இருந்தவர். நம் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்களால் ஆனது. அதில் ஒன்றில் இந்த அமிலம் போய் ஒட்டிக்கொள்வதால், சர்க்கரை வந்த சேதி மூளைக்குப் போவதில்லை. சுண்டெலியின் ஏற்பி வேறு மாதிரி. அதனிடம் இந்த வித்தை பலிக்காது.

நாக்கில் நடப்பது உறுதி. ரத்தத்தில்? மதுமேகத்துக்கு இலைப்பொடி கொடுப்பது சித்த வைத்தியத்தில் பழைய வழக்கம். 1990-இல் சென்னை ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு இலைச்சாற்றுப் பொடியை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை அளவு குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது. மனதுக்கு நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 22 பேர் மிகக் குறைவு. போலி மருந்து கொடுத்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல அது. இதை நம்பி யாரும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையோடு பொடியையும் சேர்த்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். பொடி சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இதன் வேரைப் பாம்புக்கடிக்கு அரைத்துக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அது வேண்டவே வேண்டாம். அடிவாரத்தில் யாருக்காவது கடி பட்டால், வேரைத் தேடும் நேரத்தில் சேலம் அரசு மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். விஷமுறிவு ஊசி அங்கே இருக்கிறது.