அம்மாவுக்குத் தெரியாத பதினைந்து நிமிடங்கள்

"அக்கா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே." லண்டன் விமான நிலையத்தில் என் தம்பி என்னை வரவேற்றது இப்படித்தான். பயணம் எப்படி இருந்தது, சாப்பிட்டாயா என்ற கேள்விகளெல்லாம் அப்புறம்தான் வந்தன.

எதைச் சொல்லக்கூடாது என்பது மறுநாள், சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெரிந்தது. அவனுடைய வாடகை வீட்டு வாசலில் ஒரு டிரெய்லர். அதன் மேல் சிவப்பு நிற மாஸ்டா எம்எக்ஸ்-5. ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும் அந்தக் காருக்கு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஓட்டுநர் இருக்கையும், தடித்த இரும்புக் குழாய்களால் ஆன கூண்டும், ஒரு தீயணைப்புக் கருவியும் மட்டுமே. கம்பளம் இல்லை, பக்கத்து இருக்கை இல்லை, வானொலியும் இல்லை. தினமும் காலையில் மைக்கின் முன் உட்காரும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

காரின் பின்புறம் ஒரு மஞ்சள் சதுரம் ஒட்டியிருந்தது. அதன் நடுவே கறுப்பில் ஒரு பெருக்கல் குறி. "இது என்னடா, நம்ம ஊர் 'பி' ஒட்டி மாதிரியா?" என்றேன். "அதேதான்க்கா. புது ஆள், பார்த்து வாங்கன்னு அர்த்தம். ஆறு பந்தயத்தை ஒழுங்கா முடிச்சுக் கையெழுத்து வாங்கினாதான் இதைப் பிய்ச்சுப் போடலாம். நான் அஞ்சு முடிச்சிட்டேன்."

அந்த வார இறுதியில் அவனுக்கு இரண்டு பந்தயங்கள் இருந்தன. ஒன்று போதும்.

அம்மாவிடம் ஏன் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு, கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கள் பெரியம்மா மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து போனான். வயது 19. பக்கத்தில் இன்னொரு மோட்டார் சைக்கிளில் வந்தவன் என் தம்பி. பந்தயம் ஓட்டினீர்களா என்று போலீஸ் கேட்டது. இல்லை, வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தோம் என்றான். அதன்பிறகு எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லே புழங்கியதில்லை. வானொலியில் காலைப் போக்குவரத்துத் தகவல் சொல்லும்போது, கூட்டரசு நெடுஞ்சாலை விபத்து என்று வந்தால் இன்றைக்கும் என் குரல் ஒரு நொடி தயங்கும். நேயர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

நாங்கள் போனது பிராண்ட்ஸ் ஹேட்ச். லண்டனுக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், கென்ட் வட்டாரத்தில் உள்ள பந்தயத் தடம். புல்வெளியில் மோட்டார் சைக்கிள்கள் ஓடிய இடத்தில் 1950இல் தார்ச்சாலை போட்டார்கள். 1964 முதல் 1986 வரை, பெரும்பாலும் ஓராண்டு விட்டு ஓராண்டு, பிரிட்டிஷ் ஃபார்முலா ஒன் பந்தயம் இங்கே நடந்தது. பிரேசிலின் அயர்ட்டன் சென்னா 1981 மார்ச்சில் தன் முதல் கார்ப் பந்தயத்தை ஓட்டியது இங்கேதான்; ஐந்தாவதாக வந்தார். கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 1999இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 போட்டியில் வென்றதும் இதே தடத்தில்தான். இதையெல்லாம் தம்பி சொல்லிக்கொண்டே வந்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். நாராயண் பெயர் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மன்றப் பந்தயங்கள் பெரும்பாலும் இங்குள்ள சிறிய தடத்தில் நடக்கின்றன. ஒரு சுற்று 1.94 கிலோமீட்டர். நம் சிப்பாங் 5.543 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். சிப்பாங்கில் கார் ஒரு முறை நம்மைக் கடந்துவிட்டால், அது திரும்பி வருவதற்குள் ஒரு வாய் மைலோ குடித்துவிடலாம். இங்கே அது முடியாது. மேட்டின் மேல் நின்றால் ஏறக்குறைய முழுத் தடமும் கிண்ணத்துக்குள் இருப்பதுபோல் தெரிகிறது. தம்பியின் போட்டியில் 30 கார்கள். சம இடைவெளி விட்டு நிறுத்தினாலும் 65 மீட்டருக்கு ஒன்று. ஆனால் பந்தயத்தில் யார் சம இடைவெளி விடுகிறார்கள்?

முதல் வளைவின் பெயர் பேடக் ஹில். நேர்ச்சாலையின் முடிவில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் சாலை சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. வளைவு எங்கே முடிகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. "வயிறு மேலேயே நின்னுடும், கார் மட்டும் கீழே போகும்" என்றான் தம்பி. பள்ளத்தின் அடியில் கார் தரையோடு அமுங்கி, உடனே மேட்டில் ஏறி, டுரூயிட்ஸ் என்ற கொண்டை ஊசி வளைவுக்கு வருகிறது. அங்கே இரண்டாம் கியர். பிறகு இறக்கம், இடப்பக்க வளைவு, மறுபடி வளைவு, மறுபடி நேர்ச்சாலை. எல்லாம் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில். கையைத் தளர்த்தி மூச்சுவிட இடமே இல்லாத தடம்.

கார்களை நிறுத்தித் தயார்செய்யும் திடல், பார்ப்பதற்குத் தைப்பூசத்துக்கு முதல் நாள் பத்துமலை வாகன நிறுத்துமிடம் மாதிரி இருந்தது. கூடாரங்கள், மடக்கு நாற்காலிகள், அடுப்பில் வேகும் சாசேஜ், கார்களுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள். இவர்களில் யாரும் இதற்காகச் சம்பளம் வாங்குபவர்கள் இல்லை. ஆசிரியர், லாரி ஓட்டுநர், தாதி, வங்கி ஊழியர். வென்றால் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். வார இறுதிப் பதிவுக் கட்டணம் மட்டும் நம் பணத்தில் இரண்டாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. டயர், பெட்ரோல் எல்லாம் தனி. "இந்தக் காசுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு வந்துட்டுப் போகலாமேடா" என்றேன். அக்காவாக இருந்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவன் பதில் சொல்லாமல் டயரின் காற்றை அளந்தான்.

இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் பழையது. 1939இல் தொடங்கிய 750 மோட்டார் மன்றம், ஆஸ்டின் செவன் என்ற மலிவான சிறிய காரை வைத்தே வளர்ந்தது. லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் அங்கிருந்து வந்தவர்தான்.

ஓட்டுவதற்கு முன் சோதனை. அதிகாரி ஒருவர் இருக்கை வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஹெல்மெட்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா, பின்விளக்கு எரிகிறதா, தீப்பிடிக்காத உடையும் கழுத்தைத் தாங்கும் கருவியும் சரியா என்று ஒவ்வொன்றாக முடித்தார். உரிமம் வாங்குவதற்கே ஓட்டுத் தேர்வோடு எழுத்துத் தேர்வும் உண்டாம். கொடிகளைப் பற்றிய கேள்விகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. எஸ்பிஎம் தேர்வுக்கு இவன் இவ்வளவு படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு அம்மா அழைத்தார். கிள்ளானில் இரவு எட்டு மணி. "என்னம்மா அங்க சத்தம்?" "பக்கத்துல கார் பட்டறைம்மா." ஒலியைக் கையாள்வதுதான் என் தொழில். ஆனாலும் இவ்வளவு மட்டமான பொய்யை நான் ஒலிபரப்பியதில்லை.

மாலை மூன்று மணிக்கு முதல் பந்தயம். பதினைந்து நிமிடம். தம்பி 22ஆவது இடத்திலிருந்து கிளம்பினான். மூன்றாவது சுற்றில் டுரூயிட்ஸ் வளைவில், அவனுக்கு முன்னால் போன கார் சுழன்று குறுக்கே நின்றது. அவன் வெளிப்பக்கம் ஒதுங்கினான், இடம் போதவில்லை. முன்பக்கம் இடித்து, சரளைக்கல்லில் புதைந்து நின்றான். மஞ்சள் கொடிகள் அசைந்தன. நான் மேட்டில் நின்றிருந்தேன். புகை மாதிரி ஒன்று எழுந்தது. ரேடியேட்டர் உடைந்து வந்த ஆவிதான் அது என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியவில்லை. ஆரஞ்சு உடுப்பில் இரண்டு பேர் ஓடினார்கள். கதவருகே குனிந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து கட்டை விரலை உயர்த்தினார். அதற்கு எத்தனை நொடி ஆனது என்று எனக்குத் தெரியாது. வானொலியில் மூன்று நொடி மௌனமே மிக நீளம்.

அந்த ஆரஞ்சு உடுப்புக்காரர்களும் தன்னார்வலர்கள்தான். குனிந்து பார்த்தவரை மாலையில் சந்தித்தேன். அறுபதை நெருங்கும் பெண்மணி, நூலகத்தில் வேலை. மாதத்தில் இரண்டு வார இறுதிகளை வெயிலிலும் மழையிலும் நின்று கழிக்கிறார். நன்றி சொன்னபோது, "உங்கள் தம்பி முதலில் என்ன கேட்டார் தெரியுமா? அந்த இன்னொரு ஓட்டுநர் நலமா என்று" என்றார்.

பந்தயத்தை முடிக்காததால் கையெழுத்து இல்லை. ரேடியேட்டரும் இல்லை. சனிக்கிழமை மாலையில் எந்தக் கடை திறந்திருக்கும்? டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தபோது, பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் ஒரு பழைய ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளம்பர். ஒன்றும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. நேராகக் குனிந்து கழற்ற ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்க் குழாய் விவகாரம் என்பதால் உரிமை எடுத்துக்கொண்டார் போலும். இதில் வேடிக்கை, அன்றைய தகுதிச் சுற்றில் அவர் 21ஆவது, தம்பி 22ஆவது. மறுநாள் ஒருவரையொருவர் முந்த வேண்டியவர்கள்.

ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்தது. ரேடியேட்டரைப் பொருத்தித் தண்ணீர் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதற்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். பெரியவர் தூங்கப் போய்விட்டார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அன்னைக்குப் பந்தயம்தான் ஓட்டினோம்" என்றான். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா என யோசித்தேன். உண்மையில் தெரியாது, சந்தேகம்தான். "சரிடா" என்றேன்.

"அண்ணன் விழுந்தப்போ பின்னால வர்ற வண்டியை நிறுத்த ஒரு கொடி கிடையாது. நான்தான் ரோட்டு நடுவுல நின்னு கையை ஆட்டினேன். யாரும் நிக்கலை." அதற்கு மேல் அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இன்ஜின் சூடு சரியான இடத்தில் நின்றதும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம், அவன் வேனில், நான் முன்னிருக்கையில். மே மாதக் குளிர் எலும்பு வரை இறங்கியது.

ஞாயிறு காலை 11.40க்கு இரண்டாவது பந்தயம். இம்முறை நான் டுரூயிட்ஸ் வளைவை விட்டு நகரவில்லை. ஐந்தாவது சுற்றிலிருந்து தம்பியும் பிளம்பரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். பள்ளத்திலிருந்து இரண்டு மூக்குகளும் ஒன்றாக மேலேறி வரும். பெரியவர் உள்பக்கத்தை மூடிக்கொண்டு திரும்புவார். தம்பி வெளியே சுற்றிப் பார்ப்பான். இறக்கத்தில் மறுபடி பின்னால் ஒதுங்குவான். பத்து முறை இதே கதை. பார்க்கிற எனக்கு அலுக்கவில்லை. நேர்ச்சாலையில் இவன் கார் கொஞ்சம் வேகம், வளைவில் அவருடைய கை வேகம். முப்பது ஆண்டுகளாக இந்த வளைவில் திரும்புகிறவர் அவர்.

கடைசிச் சுற்றில் டுரூயிட்ஸ் வாசலில் பெரியவர் கொஞ்சம் தாமதமாகப் பிரேக் பிடித்து அகலமாகப் போனார். உள்ளே ஒரு கார் நுழையும் இடம் தெரிந்தது. நான் கத்தியேவிட்டேன். தம்பி போகவில்லை. பெரியவர் 18ஆவது, இவன் 19ஆவது.

கொடி விழுந்தபின் கார்கள் மெதுவாக ஒரு சுற்று வந்தன. ஒவ்வொரு ஓட்டுநரும் சன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். தம்பியும் ஆட்டினான். எனக்குத்தான் என்று நானும் குதித்து ஆட்டினேன். பிறகுதான் கவனித்தேன், அவன் பார்த்தது எனக்கு முன்னால் நின்ற ஆரஞ்சு உடுப்புக்காரர்களை. அந்த நூலகப் பெண்மணி கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ளே போயிருக்கலாமேடா! ரேடியேட்டருக்காகவா விட்டுக்கொடுத்தே?"

"சேச்சே! அவர் திரும்ப உள்ளே வர்ற நேரம் அது. இருந்த மாதிரி தெரியும், இடம் இல்லக்கா. இருந்திருந்தா போயிருப்பேன்."

பெரியவரும் தலையாட்டினார். வந்திருந்தால் இருவருமே சரளைக்கல்லில்தான் இருந்திருப்போம் என்றார். ரேடியேட்டருக்குக் காசு வாங்க மறுத்து, அடுத்த முறை கறி சமைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அட்டையில் ஆறாவது கையெழுத்து விழுந்தது. மஞ்சள் சதுரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. ஒரு மணி. அம்மா, காணொளி அழைப்பு. நான் பட்டறைக் கதையை மறுபடி தொடங்குவதற்குள் தம்பி கைபேசியை வாங்கிக்கொண்டான்.

"அம்மா, நான் காட்டுறதைப் பாருங்க. கத்தாதீங்க."

காரைக் காட்டினான். என்ன செய்கிறான் என்பதை நாலு வரியில் சொன்னான். அம்மா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கிள்ளான் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெல்ட் இருக்கா?"

"இருக்கும்மா. ஆறு."

"ஆறா? காட்டு."

தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, தொடைக்கு நடுவே இரண்டு. ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினான். முந்தின நாள் அந்த அதிகாரி பார்த்ததைவிட அம்மா அதிக நேரம் பார்த்தார். கூண்டைத் தட்டிக் காட்டச் சொன்னார். தட்டினான்.

"எதிர்ல வண்டி வருமா?"

"வராதும்மா. எல்லாம் ஒரே பக்கம்தான்."

"ராத்திரியா, பகலா?"

"பகல்தாம்மா."

மறுபடி மின்விசிறிச் சத்தம். "அடுத்தது எப்போ?"

"அடுத்த மாசம் ரெண்டாவது சனி."

"முன்னாடியே சொல்லு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகணும்" என்றார் அம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டு, பட்டறைச் சத்தம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.