மின்சுற்று வரைபட மென்பொருளில் கம்பி வரைதல்

மின்சுற்று வரைபட மென்பொருளில் கம்பி வரைதல் என்பது, திரையில் வைக்கப்பட்ட உறுப்புக் குறியீடுகளின் முனைகளை மின் இணைப்புக் கோடுகளால் சேர்க்கும் செயலாகும். எந்த முனை எந்த முனையோடு சேர்கிறது என்பதை மென்பொருள் இக்கம்பிகளைக் கொண்டே அறிகிறது. அச்சிட்ட சுற்றுப்பலகையின் செப்புத் தடங்களும் இத்தரவின்படியே அமைக்கப்படுகின்றன. ஆகவே, இணைந்ததுபோல் தோன்றி இணையாமல் நிற்கும் ஒரு கம்பி, செய்து முடித்த பலகையையே பயனற்றதாக்கிவிடலாம்.

மென்பொருள்கள்

கீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளை 1992 இல் பிரான்சைச் சேர்ந்த ழான்-பியேர் ஷாரா உருவாக்கத் தொடங்கினார். பின்னர் செர்ன் ஆய்வகமும் இதன் வளர்ச்சிக்கு உதவியது. மும்பை ஐஐடியின் ஃபாசீ திட்டம் வெளியிட்டுள்ள ஈசிம் மென்பொருள், வரைபடத்திற்குக் கீகேட்டையும் பாவிப்புக்கு என்ஜிஸ்பைசையும் பயன்படுத்துகிறது. இவை இலவசமாகக் கிடைப்பதால், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலத்திலோ கடலூர் மாவட்டப் பாலிடெக்னிக் கல்லூரிகளிலோ பயிலும் மாணவர் உரிமக் கட்டணமின்றிச் சொந்தக் கணினியிலேயே பழகலாம்.

வரையும் முறை

கீகேட்டில் சுட்டியை ஒரு முனையின் மேல் வைத்து 'டபிள்யூ' விசையை அழுத்தினால் கம்பி தொடங்கும். திருப்பம் வேண்டிய இடத்தில் ஒருமுறை சொடுக்க வேண்டும். மற்றொரு முனையில் சொடுக்கினால் கம்பி முடிவடையும். இணையாத முனையின் நுனியில் சிறு வட்டம் காணப்படும். இணைப்பு ஏற்பட்டதும் அது மறைந்துவிடும்.

குறியீடுகளின் முனைகள் வழக்கமாக 50 மில் (1.27 மி.மீ.) கட்டத்தின் மேல் அமைகின்றன. கட்ட அளவை இடையில் மாற்றினால் கம்பியின் நுனி முனைக்கு மிக அருகில் நின்றுவிடக்கூடும். கண்ணுக்கு இது தெரியாது. படம் வரைவதற்கான சாதாரணக் கோட்டுக்கும் மின் இணைப்பு இல்லை.

சந்திப்புப் புள்ளி

ஒரு கம்பி மற்றொன்றின் நடுவில் வந்து முடிந்தால், மென்பொருள் தானாகவே அங்குப் புள்ளி இடும். இரு கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து சென்றால் இணைப்பு ஏற்படாது. தேவையெனில் 'ஜே' விசையால் புள்ளி இட வேண்டும். குழப்பத்தைத் தவிர்க்க, நான்கு கம்பிகள் ஓரிடத்தில் கூடுவதை இரண்டு மும்முனைச் சந்திப்புகளாகப் பிரித்து வரைவது நல்ல வழக்கம்.

பெயரால் இணைத்தல்

தொலைவிலுள்ள முனைகளுக்கு நீண்ட கம்பி தேவையில்லை. ஒரே தாளில் இரு கம்பிகளுக்கு ஒரே பெயர்ச்சீட்டு இட்டால் அவை இணைந்ததாகவே கொள்ளப்படும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அவை வெவ்வேறு இணைப்புகளாகிவிடும்.

நகர்த்தலும் இழுத்தலும்

உறுப்பை 'எம்' விசையால் நகர்த்தினால் கம்பிகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். 'ஜி' விசையால் இழுத்தால் அவையும் உடன் நீளும். வரைந்து முடித்த படத்தைத் திருத்தும்போது இணைப்புகள் அறுபடுவதற்கு இவ்வேறுபாட்டை அறியாமை ஒரு காரணமாகும்.

சரிபார்த்தல்

மின் விதிச் சரிபார்ப்பை இயக்கினால், இணையாத முனைகளும் தொங்கும் கம்பிகளும் சுட்டிக்காட்டப்படும். வேண்டுமென்றே விடப்பட்ட முனையில் 'இணைப்பில்லை' குறி இட வேண்டும். எனினும் வரைபவரின் நோக்கத்தை மென்பொருள் அறியாது. எடுத்துக்காட்டாக, எல்இடியைத் திசை மாற்றி இணைத்தாலும் இச்சரிபார்ப்பு பிழை காட்டாது. ஒவ்வோர் இணைப்பையும் கண்ணால் ஒருமுறை தொடர்ந்து பார்த்த பின்னரே பலகை வடிவமைப்புக்குச் செல்ல வேண்டும்.