லேபுக்கு லேப் எண் மாறுவது ஏன்?

கல்லீரல் பரிசோதனையில் ஒரு லேப் ஆல்கலைன் பாஸ்படேஸ் 240 என்று தருகிறது. அடுத்த வாரம் வேறு லேபில் 110. மருந்து நன்றாகக் கேட்கிறது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். இதுவே முதலில் 110, பிறகு 240 என்று வந்தால் வீடே கலங்கிப் போகிறது. உண்மையில் உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமலே இப்படி வரலாம்.

காரணம் இதுதான். ரத்தத்தில் சர்க்கரை எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். என்சைமை அப்படி அளப்பதில்லை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஒரே தையல்காரர் நல்ல மிஷினில் பத்துச் சட்டை தைப்பார், பழைய மிஷினில் ஐந்துதான் தைப்பார். அதுபோல, சோதனையின் வெப்பநிலையும் சேர்க்கும் ரசாயனமும் மாறினால் எண்ணும் மாறும். ஆல்கலைன் பாஸ்படேஸுக்கு ஒரு முறையில் பெரியவர்களின் உச்ச அளவு சுமார் 280. இன்னொரு முறையில் சுமார் 130. எஸ்.ஜி.பி.டி. சோதனையில் வைட்டமின் பி6 வகைப் பொருளைச் சேர்க்காத லேப்களில், அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு எண் குறைவாகவே காட்டும்.

இதைச் சீர்செய்ய, சர்வதேச மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு 2002-ல் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., ஜி.ஜி.டி. உள்ளிட்ட என்சைம்களை 37 டிகிரியில் அளக்கும் அடிப்படை முறைகளை வெளியிட்டது. ஆல்கலைன் பாஸ்படேஸுக்கான முறை 2011-ல் வந்தது. சோதனை மருந்து தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் அளவை இவற்றோடு பொருத்திக்கொண்டால், எந்த ஊர் லேபிலும் எண் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஆனால் பழைய முறைகள் இன்னும் முழுவதும் போகவில்லை. நம் நாட்டில் வேலூர் சி.எம்.சி. நடத்தும் தரச் சோதனைத் திட்டத்தில், ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கு அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இது சின்ன விஷயமல்ல. காசநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறதா என்பதை இந்த எண்களை வைத்தே டாக்டர் கவனிக்கிறார். எண் உச்ச அளவைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்தே மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறார்.

நாம் செய்ய வேண்டியவை:

1. தொடர்ந்து பார்க்கும் பரிசோதனையை ஒரே லேபில் செய்யுங்கள்.

2. எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் அச்சிட்டுள்ள இயல்பு அளவு வரம்பையும் சேர்த்துப் பாருங்கள்.

3. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். லேப் மாறியிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா, வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறார்களா என்று லேபில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

5. ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.