பொம்மைக்கு இறகு உண்டா?

நுழையும்முன்

செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் திருப்பதி. நாம் கொலு என்பதைத் தெலுங்கு மக்கள் ‘பொம்மல கொலுவு’ என்பர். மரப்பாச்சி அரசனையும் அரசியையும் அதில் வைத்து வணங்கும்போது, ‘இவர் எந்த நாட்டு அரசர்? அவர் முகம் இப்படித்தான் இருந்ததா?’ என்று எவரும் வினவுவதில்லை. மரப்பாச்சி ஓர் அடையாளம். அது மெய்யுருவம் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை.

கடைகளில் விற்கும் நெகிழி டைனோசர் அத்தகையதன்று. அதன் வயிற்றிலோ உள்ளங்காலிலோ ஒரு விலங்கின் அறிவியற்பெயர் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயரைப் பொறித்தவுடன், ‘அவ்விலங்கு இவ்வாறு இருந்தது’ என்று அப்பொம்மை நமக்குக் கூறத் தொடங்கிவிடுகிறது. அக்கூற்று மெய்யா என்று ஆராய்வதே இப்பாடம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் வினா ஒன்றே: பொம்மையின் உடலில் இருக்க வேண்டியது செதிலா, இறகா?

சொற்களை அறிவோம்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மீன், பல்லி, பாம்பு ஆகியவற்றின் உடலை மூடியிருப்பது செதில். பறவைக் குஞ்சின் மேல் பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது தூவி. நடுவே ஒரு தண்டும் அதன் இருபுறமும் வரிசையான இழைகளும் கொண்டது இறகு. இறகுகள் செறிந்து, பறத்தற்கு உதவும் உறுப்பு சிறகு. மயிலின் இறகுக்குப் பீலி என்னும் தனிப்பெயரே உண்டு. தெலுங்கிலும் இறகை ‘ஈக’ என்றும் சிறகை ‘ரெக்க’ என்றும் பிரித்தே வழங்குவர்.

இவ்வேறுபாடு நமக்கு இன்றியமையாதது. ஏனெனில், டைனோசர்களுள் சிலவற்றுக்குச் செதில் இருந்தது. சிலவற்றுக்குத் தூவி இருந்தது. சிலவற்றுக்கு முழுமையான இறகே இருந்தது. ‘டைனோசருக்கு இறகு உண்டு’ என்று பொதுவாகச் சொல்வதும், ‘இல்லை’ என்று பொதுவாகச் சொல்வதும் பிழையாகும்.

கல் சொன்ன செய்தி

எலும்பும் பல்லும் கடினமானவை. ஆகவே அவை கல்லாக மாறி நிலைக்கின்றன. தோலும் இறகும் மென்மையானவை, விரைவில் அழுகிவிடுகின்றன. மிக நுண்ணிய சேறு உடலை விரைந்து மூடினால் மட்டுமே அவற்றின் பதிவு கல்லில் எஞ்சும். இக்காரணத்தால் டைனோசர்களின் எலும்புகள் கிடைத்து நெடுங்காலம் ஆன பின்னரும் அவற்றின் உடற்போர்வை அறியப்படாமலே இருந்தது. ஓவியர்கள் அவற்றைப் பெரிய பல்லிகளாக எண்ணிச் செதில் வரைந்தனர். பொம்மை செய்வோர் அவ்வோவியங்களைப் பின்பற்றினர்.

1861-ஆம் ஆண்டு செருமனியில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் பழம்பறவையின் எலும்புக்கூடு கிடைத்தது. அதற்குப் பறவையின் இறகுகள் இருந்தன. அதே வேளையில் பற்களும் எலும்புடைய நீண்ட வாலும் இருந்தன. பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் உறவு இருக்கலாம் என்னும் எண்ணம் அப்போதே முளைத்தது.

அவ்வெண்ணத்துக்கு வலுவான சான்று 1996-ஆம் ஆண்டு சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் வெளிப்பட்டது. சைனோசாரோப்டெரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட சிறிய டைனோசரின் முதுகிலும் வாலிலும் தூவியின் பதிவு தெளிவாகக் காணப்பட்டது. எரிமலைச் சாம்பல் கலந்த ஏரிச்சேறு அதனை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் காத்து வைத்திருந்தது. 2010-ஆம் ஆண்டு அத்தூவியில் எஞ்சியிருந்த நிறமித் துகள்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். அவ்விலங்கின் வால் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி அமைந்த பட்டைகள் கொண்டது என்று கண்டறிந்தனர். ஆகவே, சில டைனோசர்களின் நிறத்தைக்கூட இன்று நாம் சான்றுடன் கூற இயலும்.

எலும்பில் ஒரு முடிச்சு

கடைகளில் மிகுதியாகக் காணப்படும் பொம்மைகளுள் ஒன்று வெலாசிராப்டர். 1993-இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படம் அதனை ஆளுயரம் உடையதாகவும் செதில் போர்த்ததாகவும் காட்டியது. பொம்மைகளும் அவ்வாறே வந்தன.

மங்கோலியாவின் பாலைநிலத்தில் கிடைத்த மெய்யான வெலாசிராப்டரோ ஏறத்தாழ ஒரு வான்கோழியின் அளவே உடையது. நீண்ட வாலையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். 2007-ஆம் ஆண்டு அதன் முன்கை எலும்பொன்றை ஆராய்ந்தவர்கள், அதில் சம இடைவெளியில் அமைந்த சிறு முடிச்சுகளைக் கண்டனர். புறா முதலிய பல பறவைகளின் சிறகெலும்பிலும் இத்தகைய முடிச்சுகள் உள்ளன. பெரிய இறகுகளின் அடிப்பகுதி எலும்போடு பிணைக்கப்படும் இடங்கள் அவை. வெலாசிராப்டரின் இறகு நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இறகு பொருந்தியிருந்த இடம் கிடைத்துவிட்டது. சுவரில் வரிசையாக ஆணித்துளைகளைக் கண்டால் அங்கே படங்கள் மாட்டப்பட்டிருந்தன என்று அறிகிறோம் அல்லவா? அது போன்றதே இது.

‘பறக்க இயலாத விலங்குக்கு இறகு எதற்கு?’ என்னும் ஐயம் எழலாம். உடல் வெப்பத்தைக் காக்கவும், முட்டைகளை மூடி அடைகாக்கவும், தன் இனத்தாரிடம் அழகைக் காட்டவும் இறகு பயன்படும். தோகை விரித்தாடும் மயில் அந்நேரத்தில் பறப்பதில்லை. ஆகவே வெறுந்தோலும் செதிலுமாக நிற்கும் வெலாசிராப்டர் பொம்மை பிழையானது என்று உறுதியாகக் கூறலாம்.

எல்லாவற்றுக்கும் இறகு ஒட்டலாமா?

ஒரு பிழையைத் திருத்த முனைந்து மறு பிழையில் விழுதல் ஆகாது. டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் பெரும் ஊனுண்ணியை எடுத்துக்கொள்வோம். 2012-இல் அதன் உறவினமான யூட்டிரானஸ் சீனாவில் தூவியுடன் கிடைத்தது. அது ஏறத்தாழ 9 மீட்டர் நீளம் உடையது. அதனைக் கண்ட பலர் டைரனோசாரஸும் தூவி போர்த்ததாகவே இருந்திருக்கும் எனக் கருதினர். ஆனால் டைரனோசாரஸின் கழுத்து, இடுப்பு, வால் ஆகிய பகுதிகளின் தோற்பதிவுகளை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் சிறு செதில்களே இருந்தன என்று காட்டியது. முதுகில் சிறிது தூவி இருந்திருக்கக்கூடும். அதற்கு நேர்ச்சான்று இல்லை. எனவே உடல் முழுவதும் அடர்ந்த தூவியுடன் வரும் டைரனோசாரஸ் பொம்மையும் சான்றுக்கு ஒத்ததன்று.

நம் நாட்டு டைனோசருக்கு வருவோம். குஜராத்தில் பாலாசினோருக்கு அருகிலுள்ள ராய்யோலியில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் 1980-களின் தொடக்கத்தில் எலும்புகளை அகழ்ந்தெடுத்தனர். அவை 2003-ஆம் ஆண்டு ராஜசாரஸ் நர்மதென்சிஸ் எனப் பெயரிடப்பட்டன. நருமதைக் கரையின் அரசப்பல்லி என்பது அதன் பொருள். நெற்றியில் சிறு கொம்பு உடைய ஊனுண்ணி அது. அதன் தோல் கிடைக்கவில்லை. ஆனால் அர்ஜென்டினாவில் 1984-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட கார்னோடாரஸ் என்னும் அதன் குடும்ப உறவினத்தின் தோற்பதிவு கிடைத்துள்ளது. அதில் செதில்களே உள்ளன. இறகின் சுவடு இல்லை. ஆகவே ராஜசாரஸ் பொம்மை ஒன்று செதிலுடன் வந்தால் அதனைப் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளின் நிலையும் இதுவே. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த கோட்டாசாரஸின் எலும்புக்கூட்டை ஐதராபாத்தின் பிர்லா அறிவியல் மையத்தில் காணலாம். அதன் தோலும் கிடைக்கவில்லை. அதே பெருங்குழுவைச் சேர்ந்த விலங்குகளின் கருக்கள் அர்ஜென்டினாவில் முட்டைக்குள்ளேயே கல்லாகிக் கிடைத்தன; அவற்றின் தோலில் செதில்களே இருந்தன.

மூவகை அளவை

ஒன்றை உண்மை என்று அறியும் வழிக்குத் தமிழில் அளவை என்று பெயர். காண்டல், கருதல், உரை என அது மூவகைப்படும். நேரே கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை.

சைனோசாரோப்டெரிக்ஸின் தூவியைக் கல்லில் காண்கிறோம், அது காண்டல். எலும்பின் முடிச்சைக் கொண்டு வெலாசிராப்டரின் இறகை அறிகிறோம். கார்னோடாரஸைக் கொண்டு ராஜசாரஸின் செதிலை அறிகிறோம். இவை இரண்டும் கருதல். இவற்றுள்ளும் முன்னது வலிமை மிக்கது. ஏனெனில் முடிச்சு அவ்விலங்கின் எலும்பிலேயே உள்ளது. பின்னது உறவினத்தை நம்பி நிற்பது. நாளை ராஜசாரஸின் தோலே கிடைத்தால் மாறவும் கூடும். பொம்மை கூறுவதோ உரை. சொல்பவர் அறிந்து சொல்கிறாரா என்று பார்த்த பின்னரே உரையை ஏற்க வேண்டும்.

அரியலூரின் பாடம்

சான்று மாறினால் பொம்மை எவ்வளவு மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரியலூர்ப் பகுதியில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் 1987-இல் ஆராய்ந்து, புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். பேருடல் பல்லி என்பது அதன் பொருள். முதலில் அது இருகாலில் நடந்த ஊனுண்ணி வகையில் சேர்க்கப்பட்டது. பின்னர் அது நான்கு காலில் நடந்த, நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருதப்பட்டது. ஒரே எலும்புகள், ஆனால் அவற்றைக் கொண்டு செய்யத்தக்க பொம்மைகள் இரண்டும் முற்றிலும் வேறானவை.

இனி அவ்வெலும்புகளை மீண்டும் ஆராய்ந்து ஐயம் தீர்க்க வழியில்லை. அவை நொறுங்கி அழிந்துவிட்டன. எஞ்சியவை குறிப்புகளும் படங்களுமே. காண்டல் அழிந்தால் உரை மட்டுமே மிஞ்சும். தொல்லெச்சங்களைக் காத்தல் ஏன் கடமை என்பது இதனால் விளங்கும்.

> தெரிந்து தெளிவோம்
> திருமலையின் சிலாதோரணமும், மலைப்பாதையில் தெரியும் பாறை அடுக்குகளின் எல்லையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள் ஆகும். அப்பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. டைனோசர்கள் தோன்றியது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. ஆகவே அப்பாறைகளில் டைனோசர் எலும்பைத் தேடிப் பயனில்லை.

பொம்மைகள் ஏன் விரைந்து மாறுவதில்லை?

நெகிழிப் பொம்மை எஃகு அச்சில் வார்க்கப்படுகிறது. அச்சு செய்யப் பெரும்பொருள் செலவாகும். செய்த அச்சைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினால்தான் அது ஈடாகும். மெல்லிய இறகு நுனிகள் வார்ப்பில் எளிதாக அமைவதில்லை. அமைந்தாலும் குழந்தை கையாளும்போது ஒடிந்துவிடும். மேலும், திரையில் பார்த்த உருவத்தையே வாங்குவோர் கேட்கின்றனர். அதனால் பழைய உருவமே கடையில் நிலைத்து நிற்கிறது.

இத்தடைகளைக் கடக்க முயன்றோரும் உளர். டேவிட் சில்வா என்னும் அமெரிக்கப் பொம்மைச் சிற்பி 2016-இல் மக்களிடம் பொருள் திரட்டி, இறகு போர்த்த ராப்டர் பொம்மைகளை உருவாக்க முனைந்தார். வாழும் பறவைகளைப் பார்த்து அவற்றுக்கு வண்ணம் தீட்டினார்.

கண்முன் வாழும் டைனோசர்

‘பொம்மைதானே, எப்படி இருந்தால் என்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். நூலைப் படிக்கும் முன்பே குழந்தை பொம்மையைத் தொட்டு அறிகிறது. செதில் மூடிய வெலாசிராப்டரையே பார்த்து வளரும் குழந்தைக்கு, டைனோசர் என்றால் முற்றிலும் அழிந்துபோன பெரும்பல்லி என்னும் எண்ணமே பதியும். உண்மை அதுவன்று. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களுள் பெரும்பாலானவை அழிந்தபோது, இறகுடைய ஒரு கிளை பிழைத்தது. அக்கிளையே பறவைகள். சேசாசலக் காட்டில் அகவும் மயிலும், சித்தூர்ச் சந்தையில் கூவும் சேவலும், நம் வீட்டு மதிலில் அமரும் காகமும் டைனோசர்களின் வழித்தோன்றல்களே. சேவலின் காலை உற்று நோக்குங்கள். அங்கே செதில் உண்டு. அதற்குச் சற்று மேலே இறகு உண்டு. செதிலா, இறகா என்னும் வினாவுக்கு ‘இரண்டும்’ என்று விடை கூறும் உயிர் அது.

அடுத்த முறை ஒரு டைனோசர் பொம்மை கைக்கு வந்தால், முதலில் அதன் பெயரைப் படியுங்கள். பின்னர் அதன் உடலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் சான்று என்ன என்று வினவுங்கள். பிழை இருப்பினும் அதனை எறிய வேண்டா. பிழை எது என்று அறிந்தபின் அப்பொம்மையும் நமக்குப் பாடமே.

சொற்பொருள்

உய்த்துணர்தல் – ஆராய்ந்து அறிதல்
ஊனுண்ணி – இறைச்சியை உண்ணும் விலங்கு
தொல்லெச்சம் – பழங்கால உயிரின் எஞ்சிய பகுதி
அகவுதல் – மயில் குரலெழுப்புதல்

மதிப்பீடு

1. தூவி, இறகு, சிறகு – வேறுபாடு எழுதுக. இவற்றுக்கு இணையான தெலுங்குச் சொற்களை வீட்டாரிடமும் நண்பரிடமும் கேட்டுத் தொகுக்க.
2. மரப்பாச்சிக்கும் பெயர் பொறித்த டைனோசர் பொம்மைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. வெலாசிராப்டருக்கு இறகு இருந்தது என்பதற்கு எலும்பு எவ்வாறு சான்றாகிறது?
4. ராஜசாரஸுக்குச் செதில் இருந்தது என்பது காண்டலா, கருதலா? காரணம் கூறுக.
5. உங்களிடமோ நண்பரிடமோ உள்ள விலங்குப் பொம்மை ஒன்றைத் தேர்ந்து, அதில் உண்மைக்கு ஒத்தவை, ஒவ்வாதவை எனப் பட்டியல் இடுக.