தாயக்கட்டை: பெரியவரின் முறை வரட்டும்

பக்கவாதத்தினாலோ, நடுக்குவாதத்தினாலோ, மறதி நோயினாலோ வீட்டோடு தங்கிவிட்ட பெரியவர் ஒருவரின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எப்போது எழ வேண்டும், என்ன உண்ண வேண்டும், எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதையெல்லாம் பிறரே முடிவு செய்கின்றனர். அவை அன்பினால் செய்யப்படுபவை. பல வேளைகளில் தவிர்க்க இயலாதவை. ஆயினும், தாமாக முடிவெடுக்கும் வாய்ப்பு ஒருமுறையேனும் கிட்டாமல் நாள்களைக் கழிப்பவர் மெல்லச் சோர்ந்து ஒடுங்கிவிடுகிறார். அத்தகையவருக்கு நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தாயக்கட்டை எவ்வாறு துணைபுரியும் என்பதை இங்குக் காண்போம்.

உருட்டி ஆடும் ஆட்டங்கள் மிகப் பழமையானவை. பண்டைய எகிப்தியர் 'செனெட்' என்னும் ஆட்டத்தை ஆடினர். அதன் பலகையில் வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசைகளில் 30 கட்டங்கள் உண்டு. ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைந்தும் இருக்கும் குச்சிகளை வீசி, அவை விழும் விதத்தைக் கொண்டு காய்களை நகர்த்தினர். 1922ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துத்தன்காமன் மன்னரின் கல்லறையிலும் செனெட் பலகைகள் இருந்தன. நம் பாட்டிமார் புளியங்கொட்டையின் ஒருபுறத்தைத் தேய்த்து வெண்மையாக்கி வீசியதும், சோழிகளைக் குலுக்கிப் போட்டதும் இதே முறைதான். கீழடி அகழாய்வில் பகடைகளும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள குசைர் அல் காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சாத்தான்குளத்து வாசகருக்கு இரண்டாவது பெயர் அந்நியமாகத் தோன்றாது. கொற்கை முத்து கடல் கடந்து சென்ற காலம் அது.

தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதங்களில் விழக்கூடும். அவற்றுள் இரண்டே விதங்கள் தாயம் தரும். பொறியியல் படிக்கும் பேரனுக்கும், வலக்கை தளர்ந்த பாட்டனாருக்கும் அந்த வாய்ப்பு ஒன்றே. சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் நோயுற்றவர் தொடர்ந்து தோற்று மனம் வெதும்பலாம். தாயத்தில் அப்படியன்று. அதே வேளையில், எல்லாம் அதிர்ஷ்டமும் அன்று. எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, மலையில் ஏறி நிற்பதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். கூட்டுவது, நினைவில் வைப்பது, முறைக்குக் காத்திருப்பது, விரல்களால் உருட்டுவது ஆகிய அனைத்தும் ஒரே ஆட்டத்தில் அமைகின்றன.

2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. வாசிப்பு, பலகை ஆட்டம், இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. இதனால் ஆட்டமே நோயைத் தடுக்கிறது என்று முடிவு கட்டலாகாது. நோய் வெளிப்படுமுன்பே சிலர் ஆட்டத்தைக் கைவிட்டிருக்கவும் கூடும். எனவே தாயம் மருந்துக்கும் பயிற்சி சிகிச்சைக்கும் மாற்றாகாது. அவற்றோடு சேர்த்துக்கொள்ளத் தக்கது.

ஆடும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மூட்டு வலியுள்ளவரையும் தடுமாறி விழக்கூடியவரையும் தரையில் அமர்த்த வேண்டாம். மேசையும் கைப்பிடியுள்ள நாற்காலியும் போதும். கட்டங்களைத் தடித்த கோடுகளால் வரையுங்கள். கட்டையைப் பிடிக்க இயலாதவர் ஒரு டம்ளரில் இட்டுக் குலுக்கிக் கவிழ்க்கலாம். தளர்ந்த கையையும் இயன்றவரை பயன்படுத்தச் செய்யுங்கள். களைப்புத் தோன்றினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். மறதி நோய் முற்றியவரோ சிறு குழந்தையோ உடனிருந்தால், வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சோழியும் புளியங்கொட்டையும் வேண்டாம்.

பணம் வைத்து ஆடாதீர்கள். குறிப்பாக, நடுக்குவாதத்திற்குத் தரப்படும் பிராமிபெக்சால், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க இயலாத சூதாட்ட வேட்கையைத் தூண்டுவதுண்டு. கைப்பேசிச் சூதாட்டம், லாட்டரி ஆகியவற்றில் திடீர் நாட்டம் தென்பட்டால் அதைக் குணக்கேடு என்று கடிந்துகொள்ள வேண்டாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஆட்டம் குடும்பத்தாருக்கு வேறொரு வகையிலும் பயன்படும். நெடுங்காலம் பிழையின்றி ஆடியவர் சில மாதங்களாகக் கூட்டலில் தடுமாறினாலோ, விதிகளை மறந்தாலோ அடுத்த வருகையின்போது கூறுங்கள். திடீரெனக் கட்டை கைநழுவி, முகம் கோணி, பேச்சுக் குழறினால் ஒரு நொடியும் தாழ்த்தாமல் 108ஐ அழையுங்கள். அடைப்பினால் வரும் பக்கவாதத்திற்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்திருப்பது பேருதவி.

இறுதியாக, பராமரிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். பெரியவரின் முறை வரும்போது அவர் எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவருக்காக நீங்கள் காயை நகர்த்தாதீர்கள். பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் காயை அவர் வெட்டினால் முறையாக வருந்துங்கள். நாளெல்லாம் பணிவிடை பெற்றவர் அந்த அரைமணி நேரம் உங்களுக்குச் சரிநிகரான எதிராளியாக அமர்ந்திருப்பார்.