குழாய் வழியே வரும் காமாலை!

காமாலைக்குக் கீழாநெல்லி கேட்டு வருகிறவர்களிடம், நாடி பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "உங்க வீட்டு சம்ப் எங்கே இருக்கு? பக்கத்துல சாக்கடை ஓடுதா?" சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 'இவர் வைத்தியரா, பிளம்பரா?' என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. நினைக்கட்டும்! முதலில் பெரிய பையன், அடுத்து சின்னவள், அப்புறம் அம்மா என்று ஒரே வீட்டில் வரிசையாகக் கண் மஞ்சளானால், மருந்து கொடுத்து அனுப்புவதோடு வைத்தியம் முடிந்துவிடாது.

தண்ணீர் வழியாக வரும் காமாலைக்கு ஏ, இ என்ற இரண்டு வைரஸ்கள் காரணம். உடம்புக்குள் போன அன்றே இவை வேலையைக் காட்டுவதில்லை. ஏ வகைக்கு 2 முதல் 4 வாரம், இ வகைக்கு 2 முதல் 10 வாரம்கூட ஆகும். ஆக, நேற்று ஓட்டலில் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. போன மாதம் குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்ததா என்று யோசியுங்கள். இதில் இ வகை, கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

"குளோரின் போட்டுத்தானே டாக்டர் தண்ணி விடறாங்க?" என்று கேட்பீர்கள். போட்டுத்தான் விடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. தண்ணீர் ஓடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் அழுத்தம் போய்விடும். அப்போது வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே வரும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோமே, அது சாக்கடையைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைக்கிற மாதிரி. முதலில் அதைக் கழற்றுங்கள். தண்ணீர் வந்ததும் முதல் சில நிமிஷத் தண்ணீரை சம்புக்குள் விடாமல், தெளிகிறவரை வெளியே விடுங்கள்.

அடுத்து சம்ப். ராத்திரி மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் வால்வையும் மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் விரிசல் இருக்கிறது. ஏறியிருந்தால்? அதுதான் ரொம்ப மோசம். வெளித் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, பல் துலக்கவோ வேண்டாம்.

ரிப்பேர் முடிந்து தேய்த்துக் கழுவிய பிறகு தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வாசனை வந்ததும் மூடிவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். இது குடிக்கிற தண்ணீருக்கான அளவு இல்லை; தொட்டியைச் சுத்தம் செய்வதற்கு மட்டும். பக்கத்தில் கக்கூஸ் ஆசிட்டை வைக்கவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் விஷவாயு! மூடிக் கிடந்த சம்புக்குள் தனியாக இறங்காதீர்கள். செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், லாரியைக் கூப்பிடுங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். 'சூடு வந்தாச்சு' என்று இறக்குவது கொதிக்க வைத்ததாகாது. தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கணும்.

மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? வழிகிற குழாயின் வாயில் பழைய நைலான் துணியைக் கட்டுங்கள், டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடப் பார்க்கும். சொட்டுக் குழாயையும் விடாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளைக்குச் சுமார் 20 லிட்டர் போச்சு! வால்வை மூடி, ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்த வாஷரை மாற்றினால் தீர்ந்தது. ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க, பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அதில் ஊற்றி அரை மணி நேரம் சும்மா இருங்கள். கோப்பையில் சிவப்பு இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது.

கடைசியாக, யாரும் புழங்காத பாத்ரூம். தரையில் தண்ணீர் போகும் துளைக்கடியில் வளைவாக ஒரு குழாய் இருக்கும். அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. அது காய்ந்தால் கரப்பான், நாற்றம் எல்லாம் வரும். 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் சார்ஸ் நோய் 300 பேருக்கு மேல் பரவியது. காய்ந்து கிடந்த இந்த வளைவுகளும் அதற்கு ஒரு வழியாக இருந்தன என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு தடவை அந்தத் துளையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். கோடை லீவில் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாலும் ஊற்றிவிட்டே வீட்டைப் பூட்டுங்கள்.