இணைப்பு ஏன் அறுந்து அறுந்து வருகிறது?

வீட்டின் முன்கூடத்தில் இணையம் நன்றாக வருகிறது. மாடி அறையில் வருவதில்லை. இதற்காக அப்பா 'மெஷ் வைஃபை' என்று மூன்று பெட்டிகள் வாங்கி வந்து வைக்கிறார். இப்போது மாடியிலும் கைபேசியில் அலைக்குறி முழுதாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் பாடம் கேட்டுக் கொண்டிருக்கும்போது படம் திடீரென்று உறைந்து நின்றுவிடுகிறது! முன்பு ஒழுங்காக இருந்த முன்கூடத்திலும் இதே கதை. பணம் செலவழித்தும் நிலைமை மோசமாவானேன்?

மெஷ் அமைப்பில் ஒரு பெட்டி தலைமைப் பெட்டி. அது மட்டுமே வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியோடு சேர்ந்திருக்கும். மற்றவை துணைப் பெட்டிகள். கைபேசி சொல்வதைத் துணைப் பெட்டி காற்றில் கேட்டு, அதையே மீண்டும் காற்றில் தலைமைப் பெட்டிக்குச் சொல்கிறது. அதாவது, ஒரே செய்தி இரு முறை காற்றில் பயணம் செய்கிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1971-ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் அவர் குழுவினரும் 'அலோஹாநெட்' என்ற வானொலிக் கணினி வலையை இயக்கினார்கள். அதில் இரண்டு நிலையங்கள் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு செய்திகளும் கெட்டுவிடும். இரண்டும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இன்றைய வைஃபை, பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறது. ஆயினும் காற்று ஒன்றுதானே? துணைப் பெட்டி கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் நடந்தால், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். விலை கூடிய சில பெட்டிகளில் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கிறார்கள்.

கைபேசியில் தெரியும் அலைக்குறியைக் கண்டு ஏமாற வேண்டாம். அது கைபேசிக்கும் அருகிலுள்ள துணைப் பெட்டிக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். துணைப் பெட்டிக்கும் தலைமைப் பெட்டிக்கும் இடையே என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. பெரும்பாலோர் துணைப் பெட்டியை இணையம் வராத அறையிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். இணையம் வராத இடத்தில் அந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படி வரும்? பாதி வழியில் வைப்பதே சரி. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை கால் பங்காகிறது. நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் சுவரோ, பீரோவோ, பெரிய நிலைக்கண்ணாடியோ இருந்தால் இன்னும் குறையும். கண்ணாடியின் பின்புறம் உலோகப் பூச்சு இருக்கிறது அல்லவா? 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளைவிடச் சுவரில் அதிகம் நலிவடையும். 2.4-க்கு வேறொரு தொல்லை உண்டு: மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில்தான் வேலை செய்கிறது.

குறை காற்றிலா, கம்பியிலா? இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. கணினியில் 'பிங்' என்றொரு கட்டளை இருக்கிறது. "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று அது காட்டும். வைஃபையில் சேர்ந்துள்ள கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் தலைமைப் பெட்டியின் முகவரியையும் (பெரும்பாலும் 192.168-இல் தொடங்கும்), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரியையும் தொடர்ந்து கேட்கச் செய்யுங்கள். இணைப்பு அறும்போது இரண்டும் சேர்ந்து நின்றால், குறை வீட்டுக்குள்ளே. வெளி முகவரி மட்டும் நின்றால், குறை தலைமைப் பெட்டிக்கு அப்பால். அப்போது மெஷ் பெட்டிகளை அணைத்துவிட்டு, நிறுவனத்தார் வைத்த பெட்டியிலேயே கணினியைக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் அறுந்தால் புதுப் பெட்டிகள்மேல் பழி சொல்ல நியாயம் இல்லை. கம்பி கெட்டதும் மெஷ் வந்ததும் ஒரே வாரத்தில் நேர்ந்திருக்கலாம்.

வீட்டுக்குள்ளே குறை என்றால், பழைய பெட்டியைச் சந்தேகியுங்கள். நிறுவனத்தார் வைத்த பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். அதுவும் வைஃபை பரப்புகிறது. வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கிறது. மெஷ் தலைமைப் பெட்டியும் இதே வேலைகளைச் செய்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு தபால்காரர்! இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைத்திருந்தால், நீங்கள் அறைவிட்டு அறை நடக்கும்போது கைபேசி ஒரு வலையிலிருந்து மற்றதற்குத் தாவும். உடனே அதன் முகவரி மாறும். நடந்துகொண்டிருந்த பேச்சு அறும். பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்திவிட்டு, மெஷ் அமைப்பை 'பிரிட்ஜ்' என்ற நிலையில் வைத்தால் முகவரி கொடுக்கும் வேலை ஒருவரிடமே இருக்கும்.

இன்னொரு குறை வேடிக்கையானது. வேகம் கூடட்டுமே என்று துணைப் பெட்டிக்குக் கம்பியும் இழுக்கிறோம். காற்று வழி ஒன்று, கம்பி வழி ஒன்று. ஆக ஒரு வளையம் உருவாகிறது. ஈதர்நெட் செய்தியில் "இத்தனை தாவல்களுக்குமேல் போகாதே" என்ற எண் கிடையாது. எல்லாருக்குமாக அனுப்பிய செய்தி வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி வீட்டு வலை முழுவதையும் அடைத்துவிடும். இதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் ஒரு முறையைக் கண்டார். பெட்டிகள் தமக்குள் பேசி, வளையத்தில் ஒரு வழியைத் தாமே மூடிவிடும். வலை ஒரு மரம்போல ஆகிவிடும். நல்ல பெட்டிகள் இதைச் செய்கின்றன. நடுவில் வைத்த மலிவான சுவிட்ச் அந்தப் பேச்சைக் கடத்தாவிட்டால் வளையம் மூடப்படாமல் நிற்கும். அந்தக் கம்பியைக் கழற்றியதும் வீடு அமைதியானால் காரணம் அதுதான்.

கடைசியாக ராடார். 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் சில அலைவரிசைகளை ராடார்களும் பயன்படுத்துகின்றன. ராடாரின் துடிப்பு கேட்டால் வைஃபை உடனே அந்த அலைவரிசையை விட்டு விலக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். அத்தகைய வேறோர் அலைவரிசைக்குப் போனால், பேசுமுன் குறைந்தது 60 வினாடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சில சமயம் ராடார் அல்லாத இரைச்சலையும் பெட்டி ராடார் என்று எண்ணிவிடும். உங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக அறுந்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து ஒன்றாக உயிர் பெற்றால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அலைவரிசை எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை இருந்தால், 36-க்கு மாற்றி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம்.